தன் கையெழுத்தைத் தானே திருத்தியவர்

2011 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஆளுநராகப் பதவியேற்ற ஜெர்ரி பிரவுன் முதலில் கைவைத்தது அரசு ஊழியர்களின் செல்போனில். மாநில அரசு கொடுத்து வைத்திருந்த போன்கள் 96,000. அதில் பாதி, அதாவது 48,000 போன்கள், ஜூன் மாதத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். மிச்சம் ஆண்டுக்கு 2 கோடி டாலர். மாநிலத்தின் பற்றாக்குறையோ அப்போது சுமார் 2,700 கோடி டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தலைநகர் சாக்ரமென்டோவில் அரசு வேலை பார்த்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் போனை ஒப்படைத்துவிட்டு வந்து, "கிழவர் அடுத்து பென்சிலை எண்ணுவார் பாருங்கள்" என்றார்.

நான் கணக்கெழுதிப் பிழைப்பவள். எனக்கு அந்த உத்தரவு பிடித்திருந்தது. 2 கோடி பெரிய தொகை என்பதற்காக இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த மனிதர் மக்களிடம் போய் வரியைக் கூட்டச் சொல்லிக் கேட்கப்போகிறார். கேட்பதற்கு முன்னால் தன் வீட்டுச் செலவைக் குறைத்துக் காட்டுகிறார் என்பது புரிந்ததால்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். அமெரிக்காவில் மாநில ஆளுநர் என்பவர் டெல்லி அனுப்பி வைத்து ஆளுநர் மாளிகையில் இருப்பவர் போன்றவர் அல்லர். மக்கள் நேரடியாக வாக்களித்து நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். வரவுசெலவுத் திட்டம் போடுவது, சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் கையெழுத்திடுவது அல்லது நிராகரிப்பது, நீதிபதிகளை நியமிப்பது, தண்டனையைக் குறைப்பது எல்லாம் அவர் கையில். கலிஃபோர்னியாவில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. போதுமான கையெழுத்து திரட்டினால் எந்த விஷயத்தையும் நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். அதை 'ப்ரொபோசிஷன்' என்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆளுநர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதில் ஜெயித்தது சட்டம்.

இந்த நாற்காலியில் ஜெர்ரி பிரவுன் பதினாறு ஆண்டுகள் இருந்தார். 1975 முதல் 1983 வரை எட்டு, 2011 முதல் 2019 வரை எட்டு. முதல்முறை ஏறியபோது வயது 36, கடைசியாக இறங்கியபோது 80. அமெரிக்க அளவில் பார்த்தால் அயோவா மாநிலத்தின் டெர்ரி பிரான்ஸ்டாட் 22 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டிருக்கிறார். ஆனால் கலிஃபோர்னியாவில் பிரவுனின் கணக்கை இனி யாரும் முறியடிக்க முடியாது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஆளுநராகக் கூடாது என்று 1990-இல் மக்கள் வாக்களித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகள் கணக்கில் வராததால் பிரவுனுக்கு வழி திறந்திருந்தது.

இடையில் 28 ஆண்டு இடைவெளி. என்னை ஈர்த்தது அதுதான். சாதாரணமாக ஓர் அரசியல்வாதி போடும் கையெழுத்தின் விளைவு தெரிவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருப்பார், அல்லது சுயசரிதையில் நியாயம் எழுதிக்கொண்டிருப்பார். பிரவுன் திரும்பி வந்து, தான் போட்ட கையெழுத்துகள் என்ன ஆயின என்று அதே மேசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றைத் திருத்தவில்லை.

அவருடைய அப்பாவும் ஆளுநர்தான். பாட் பிரவுன், 1959 முதல் 1967 வரை. 1962 தேர்தலில் ரிச்சர்ட் நிக்சனைத் தோற்கடித்தவர், 1966-இல் ரொனால்ட் ரீகனிடம் தோற்றவர். அணை, கால்வாய், நெடுஞ்சாலை, பல்கலைக்கழகம் என்று கட்டித் தள்ளிய மனிதர். எல்லோரிடமும் தோளில் கைபோட்டுப் பேசுவார். மகன் நேர்மாறு. பள்ளியில் படித்து முடித்துச் சிறிது காலத்திலேயே, 1956-இல், லாஸ் கேட்டோஸில் இருந்த இயேசு சபை மடத்தில் துறவுப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே மௌனம், லத்தீன், தோட்ட வேலை. மூன்றரை ஆண்டு கழித்து 1960-இன் தொடக்கத்தில் வெளியே வந்து பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

வந்து சில வாரங்களுக்குள் ஒரு விஷயம் நடந்தது. கேரில் செஸ்மன் என்பவர் பாலியல் வன்முறை, ஆள்கடத்தல் வழக்கில் மரண தண்டனை பெற்று சான் குவென்டின் சிறையில் இருந்தார். கொலை செய்ததாக அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை. சிறைக்குள்ளிருந்தே புத்தகங்கள் எழுதி உலகம் முழுக்கப் பேசப்பட்டவர். பிப்ரவரி 1960-இல் தண்டனை நாள் நெருங்கியபோது 21 வயது ஜெர்ரி, ஆளுநர் மாளிகைக்குப் போன் போட்டு, நிறுத்திவையுங்கள் அப்பா என்று கெஞ்சினார். பாட் பிரவுன் 60 நாள் அவகாசம் கொடுத்தார். மரண தண்டனையை ஒழிக்கச் சொல்லிச் சட்டமன்றத்தையும் கேட்டார். சட்டமன்றம் மறுத்தது. மே 2 அன்று செஸ்மன் விஷவாயு அறையில் கொல்லப்பட்டார். அந்த 60 நாள் அவகாசம் அப்பாவின் அரசியல் வாழ்க்கைக்கு விழுந்த பெரிய அடி. எழுபது வயதிலும் இதைப்பற்றிக் கேட்டால் ஜெர்ரி பேசுவார்.

யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். லாஸ் ஏஞ்சலஸில் கல்லூரி வாரியத் தேர்தலில் ஜெயித்தார். பிறகு மாநிலச் செயலாளர். 1974-இல் ஆளுநர் தேர்தலில் இழுபறியாக வென்றார். பதவியேற்பு உரையைச் சில நிமிடங்களில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ரீகன் காலத்தில் சாக்ரமென்டோவுக்கு வெளியே ஆளுநருக்கென்று 13 லட்சம் டாலர் செலவில் புது மாளிகை கட்டத் தொடங்கியிருந்தார்கள். பிரவுன் அதில் கால் வைக்கவில்லை. சட்டமன்றத்துக்கு எதிரே மாதம் 250 டாலர் வாடகைக்கு ஓர் அடுக்ககம் எடுத்து, தரையில் மெத்தை போட்டுப் படுத்தார். அரசு கொடுத்த சொகுசுக் காரை விட்டுவிட்டு நீல நிற பிளைமவுத் காரில் போனார். பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டுடன் காதல் வேறு. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். மாநிலத்துக்கென்று சொந்தமாக ஒரு செயற்கைக்கோள் வேண்டும் என்று அவர் சொன்னபோது, சிகாகோவின் பத்தி எழுத்தாளர் மைக் ராய்கோ அவரை நிலாக் கிறுக்கர் என்னும் பொருளில் 'மூன்பீம்' என்று கேலி செய்தார். பின்னாளில் ராய்கோ தான் சொன்னது தவறு என்று எழுதியும் அந்தப் பட்டப்பெயர் போகவில்லை.

அந்தக் காலத்து வேலைகளில் நான் முதலிடம் கொடுப்பது வயல்காட்டுக்கு. கலிஃபோர்னியாவின் கீரை வயல்களில் மெக்சிகோவில் இருந்து வந்த கூலிகள் ஒரு சாண் ஒன்றரைச் சாண் பிடி போட்ட களைக்கொத்தால் நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்தார்கள். ஸ்பானிய மொழியில் அதை 'குட்டை' என்றே கூப்பிடுவார்கள். நீளப் பிடி போட்டால் நின்றபடி வெட்டலாம். ஆனால் மேற்பார்வையாளருக்கு ஒரு வசதி குறையும். குட்டைப் பிடி என்றால் தூரத்தில் இருந்தே யார் நிமிர்ந்து நிற்கிறார்கள், அதாவது யார் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இளம் வயதிலேயே முதுகெலும்பு போய்விடும். 1975-இல், மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, பிரவுன் அரசு அதைத் தடை செய்தது. அதே ஆண்டு ஜூனில், சீசர் சாவேஸின் தொழிற்சங்கம், பண்ணை முதலாளிகள், போட்டிச் சங்கம் எல்லோரையும் பேசவைத்து, பண்ணைத் தொழிலாளர்கள் ரகசிய வாக்கெடுப்பில் சங்கம் அமைத்துக்கொள்ளும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் துறைத் தொழிலாளருக்கு இருந்த அந்த உரிமை கலிஃபோர்னிய வயல்கூலிக்கு அதுவரை இல்லை.

இது நின்ற கையெழுத்து. நிற்காத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஃபோல்சம். ஐடி குடும்பங்கள் நிறைய. கோயிலும் உண்டு, இட்லி மாவு பாக்கெட்டும் கிடைக்கும். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் பெயர் தெரிவது வேறு காரணத்துக்காக: 1880-இல் திறந்த கருங்கல் சிறை. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் நான் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைத்துக்கொள்வேன்.

அதற்கு முன்பு கலிஃபோர்னிய நீதிபதி 'இத்தனை ஆண்டு' என்று தண்டனை சொல்ல மாட்டார். 'ஓராண்டு முதல் ஆயுள் வரை' என்பார். திருந்திவிட்டானா, எப்போது விடலாம் என்பதைப் பரோல் வாரியம் முடிவு செய்யும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில், ஒரே குற்றத்துக்கு ஒருவர் இரண்டு ஆண்டில் வெளியே, இன்னொருவர் பத்து ஆண்டாகியும் உள்ளே. ஜார்ஜ் ஜாக்சன் என்ற கறுப்பின இளைஞர் பெட்ரோல் பங்கில் 70 டாலர் கொள்ளையடித்த வழக்கில் ஓராண்டு முதல் ஆயுள் வரை என்று உள்ளே போனவர், பத்தாண்டு கழித்து 1971-இல் சான் குவென்டினில் தப்ப முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வாரியம் நிறம் பார்க்கிறது என்று இடதுசாரிகள் சொன்னார்கள். சீக்கிரம் விட்டுவிடுகிறது என்று வலதுசாரிகள் சொன்னார்கள். இரு தரப்பும் சேர்ந்து, குற்றத்துக்கு இத்தனை ஆண்டு என்று நிர்ணயிக்கும் சட்டம் கொண்டுவந்தன. பிரவுன் கையெழுத்திட்டார்.

என்ன ஆயிற்று? தண்டனை ஆண்டுகளை நிர்ணயிக்கும் அதிகாரம் வாரியத்திடமிருந்து சட்டமன்றத்துக்குப் போயிற்று. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இரண்டு ஆண்டுக்கொரு தேர்தல். ஒவ்வொரு கொடூரக் குற்றச் செய்திக்கும் ஓர் ஆண்டைக் கூட்டினார்கள். துப்பாக்கி வைத்திருந்தால் இத்தனை, கும்பலில் இருந்தால் இத்தனை. திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் வெளியே வரும் நாள் ஒன்றே என்றான பிறகு, உள்ளே இருப்பவருக்குப் படிக்கவும் தொழில் கற்கவும் காரணம் இல்லை. 1970-களின் பின்பகுதியில் சுமார் 20,000 கைதிகள். 2006-இல் 1,70,000-க்கு மேல். உடற்பயிற்சிக் கூடங்களில் மூன்றடுக்குக் கட்டில் போட்டார்கள்.

அந்தக் கதையை நடுவில் நிறுத்தி, அவர் எப்படிப் பதவியை விட்டு இறங்கினார் என்று சொல்லியாக வேண்டும். 1970-களில் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை தறிகெட்டு ஏறியது. விலை ஏற ஏறச் சொத்து வரியும் ஏறியது. சம்பளம் ஏறாத முதியவர்கள் சொந்த வீட்டுக்கு வரி கட்ட முடியாமல் தவித்தார்கள். சாக்ரமென்டோ கஜானாவிலோ 500 கோடி டாலருக்கு மேல் உபரி. சிக்கனக்காரரான பிரவுன் அதைத் தொடவில்லை. சட்டமன்றமும் ஆளுநரும் நிவாரணம் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஹோவர்ட் ஜார்விஸ் என்பவர் காத்திருக்கவில்லை; கையெழுத்து திரட்டி 'ப்ரொபோசிஷன் 13'-ஐக் கொண்டுவந்தார். சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டின் கணக்கு மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. விற்றால் சந்தை விலைக்கு மாற்றலாம். பிரவுன் கடுமையாக எதிர்த்தார். 1978 ஜூனில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆதரித்து ஜெயிக்கவைத்தார்கள். மறுநாளே பிரவுன் தோசையைத் திருப்பிப் போட்டார். அதை நிறைவேற்றுவதில் அவரைவிட ஆர்வமானவர் இல்லை என்னும்படி நடந்து, அதே நவம்பரில் பெரிய வித்தியாசத்தில் மீண்டும் ஜெயித்தார். ஆட்சிக் காலத்தில் சேமிக்கத் தெரிந்த மனிதருக்கு எப்போது செலவழிக்க வேண்டும் என்று தெரியவில்லை என்பதே என் கணிப்பு.

பிறகு சரிவு. ஜனாதிபதி வேட்பாளராக 1976-இலும் 1980-இலும் முயன்றார், கட்சி ஏற்கவில்லை. 1981-இல் பழ ஈ தாக்கியபோது, மக்கள் வாழும் இடத்தில் ஹெலிகாப்டரில் மாலத்தியான் பூச்சிமருந்து தெளிக்க முதலில் மறுத்தார். கலிஃபோர்னியப் பழங்களை வெளியே விடமாட்டோம் என்று மத்திய அரசு மிரட்டிய பிறகு பணிந்தார். சுற்றுச்சூழல்காரர்களுக்கும் கோபம், விவசாயிகளுக்கும் கோபம். தெளிப்பது பாதுகாப்பானது என்று காட்ட அவருடைய அதிகாரி பி.டி. காலின்ஸ் நீர்த்த மாலத்தியானை ஒரு கிளாஸ் குடித்தே காட்டினார். அந்த அளவுக்கு நம்பிக்கை போயிருந்தது. 1982-இல் செனட் தேர்தலில் பீட் வில்சனிடம் தோற்று வீட்டுக்குப் போனார். அவர் நியமித்த தலைமை நீதிபதி ரோஸ் பேர்டை, மரண தண்டனை வழக்குகளில் அவர் காட்டிய நிலைப்பாட்டுக்காக, 1986-இல் மக்கள் வாக்களித்தே வெளியேற்றினார்கள்.

ஜப்பானில் காமகுராவுக்குப் போய் ஜென் பயின்றார். 1987-இல் கல்கத்தாவில், காளிகாட்டில் அன்னை தெரசா நடத்திய மரணத் தறுவாயில் இருப்போர் இல்லத்தில் சில வாரங்கள் வேலை செய்தார். திரும்பி வந்து 1992-இல் மறுபடியும் ஜனாதிபதி போட்டி. யாரிடமும் 100 டாலருக்கு மேல் வாங்க மாட்டேன் என்று சொல்லி, தொலைக்காட்சியில் இலவசத் தொலைபேசி எண்ணை ஓயாமல் ஒப்பித்தார். கிளின்டனிடம் தோற்றாலும் சில மாநிலங்களில் ஜெயித்தார்.

1999-இல் ஓக்லாந்து நகர மேயர் ஆனார். ஆளுநராக இருந்தவர் மேயராவது நம் ஊரில் முதலமைச்சராக இருந்தவர் நகராட்சிக்குப் போட்டியிடுவது போல. என் பார்வையில் அவரை மாற்றிய பதவி அதுதான். கட்டுமான அனுமதி ஏன் தாமதமாகிறது, தெருவில் யார் யாரைச் சுட்டார்கள், சிறையிலிருந்து பஸ் ஏறி இறங்கும் இளைஞன் ஏன் ஆறு மாதத்தில் திரும்பிப் போகிறான் என்பதையெல்லாம் அங்கே பார்த்தார். 2003-இல், 1976-ஆம் ஆண்டுச் சட்டம் படுதோல்வி என்று தன் வாயாலேயே சொன்னார். 2007-இல் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி ஆனார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், சென்னைப் பெண் சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ்.

2010 ஆளுநர் தேர்தலில் எதிர்த்து நின்றவர் இணைய ஏல நிறுவனமான ஈபேயின் முன்னாள் தலைவர் மெக் விட்மன். தன் சொந்தப் பணம் 14 கோடி டாலருக்கு மேல் இறைத்தார். பிரவுன் கோடை முழுவதும் பணத்தைப் பத்திரமாக வைத்திருந்து கடைசி இரண்டு மாதத்தில் செலவழித்து, 13 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார்.

2011 ஜூனில் தன் சொந்தக் கட்சி நிறைவேற்றிய வரவுசெலவுத் திட்டத்தையே நிராகரித்தார். கணக்கு பொய் என்றார். கலிஃபோர்னிய வரலாற்றில் எந்த ஆளுநரும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. செலவை வெட்டினார்; ஏழைகளுக்கான திட்டங்களும் பல்கலைக்கழகங்களும் அடிவாங்கின. பிறகு 2012 நவம்பரில் மக்களிடம் போனார்: விற்பனை வரியில் கால் சதவீதம் நான்கு ஆண்டுக்கு, இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களின் வருமான வரியில் உயர்வு ஏழு ஆண்டுக்கு. 55 சதவீதம் பேர் சரி என்றார்கள். வரியை வெறுத்த மாநிலம் தானே வரியைக் கூட்டிக்கொண்டது. செல்போன்களுக்கு அங்கே பலன் கிடைத்தது.

அடுத்த ஆண்டு சட்டமன்ற உரையில் பைபிளில் வரும் பார்வோனின் கனவைச் சொன்னார், ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்ற கதை. கதைக்குப் பின்னால் கணக்கு இருந்தது. ப்ரொபோசிஷன் 13 சொத்து வரியை முடக்கியதால் மாநிலம் பணக்காரர்களின் வருமான வரியை நம்பிப் பிழைக்கிறது. பங்குச் சந்தை ஏறினால் கஜானா நிரம்பும், விழுந்தால் காலி. ஆகவே நல்ல ஆண்டில் கட்டாயம் எடுத்துவைக்கும் சேமநிதிக்கு 2014-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் வாங்கினார். பதவியை விட்டு இறங்கும்போது அதில் சுமார் 1,400 கோடி டாலர் இருந்தது. 1977-இல் அரசு ஊழியர் சங்கங்களுக்குப் பேரம் பேசும் உரிமை கொடுத்தவர், 2012-இல் புதிதாகச் சேரும் ஊழியர்களின் ஓய்வூதியத்தை வெட்டவும் கையெழுத்துப் போட்டார்.

சிறைக்கு வருவோம். கைதிகளுக்கு மருத்துவம்கூடக் கிடைக்காத நெரிசல் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளுநர் என்ற முறையில் பிரதிவாதி பெயர் பிரவுன். வழக்கின் பெயரே 'பிரவுன் எதிர் பிளாட்டா'. முதலில் அவர் இழுத்தடித்தார், சிறுகுற்றவாளிகளை மாவட்டச் சிறைகளுக்கு மாற்றினார். 2016-இல், தானே முன்னின்று, ப்ரொபோசிஷன் 57-ஐக் கொண்டுவந்தார். வன்முறையில்லாத குற்றத்துக்கு அடிப்படைத் தண்டனையை முடித்தவர் பரோலுக்கு விண்ணப்பிக்கலாம். படித்தால், ஒழுங்காக இருந்தால் நாட்கள் குறையும். சுமார் 64 சதவீத ஆதரவு. நாற்பது ஆண்டுக்கு முன் தான் மூடிய கதவை அதே மனிதர் ஒருக்களித்துத் திறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய குற்றவாளிகளுக்கு மன்னிப்பும் கொடுத்தார்.

ஆனால் மரண தண்டனைக் கொட்டடியில் இருந்த 700-க்கும் மேற்பட்டோரை அவர் தொடவில்லை. 1977-இல் மரண தண்டனைச் சட்டத்தை நிராகரித்தவர்தான். சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கடைசி மாதங்களில் பலர் வேண்டினார்கள். இரண்டு முறை பெருங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்குக் குறைப்பதென்றால் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது உண்மை, மக்கள் வாக்கெடுப்பில் மரண தண்டனை நிலைத்ததும் உண்மை. இருந்தும், அவர் இறங்கி இரண்டே மாதத்தில் புதிய ஆளுநர் கேவின் நியூசம் மரண தண்டனை நிறைவேற்றுவதை நிறுத்திவைத்தார். அப்பாவுக்குப் போன் போட்ட பையனுக்கு அதைச் செய்ய எட்டு ஆண்டு இருந்தது.

வறட்சியை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2014-இல் ஃபோல்சம் ஏரி வற்றி, அணை கட்டியபோது மூழ்கிய தங்க வேட்டைக் காலத்து ஊரான மார்மன் ஐலண்டின் கல் அடித்தளங்கள் வெளியே வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். ஆணி, உடைந்த பீங்கான், செங்கல் எல்லாம் சேற்றில் கிடந்தன. 2015 ஏப்ரல் 1 அன்று பிரவுன் சியாரா மலையில் பிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்துக்குப் போனார். வழக்கமாக அந்தத் தேதியில் ஆளுயரப் பனி இருக்கும். அதுவரை 75 ஆண்டுகளாக அளந்துவந்திருந்தார்கள். அன்று அவர் காய்ந்த புல்லில் நின்றார். நகரங்கள் தண்ணீரை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார். எங்கள் ஊருக்கு அதைவிடக் கூடுதல். வாரம் இரண்டு நாள்தான் தோட்டத்துக்குத் தண்ணீர். குளியலறையில் வெந்நீர் வரும்வரை ஓடும் தண்ணீரை பக்கெட்டில் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினோம். சென்னையில் வளர்ந்தவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. எதிர்வீட்டு அமெரிக்கருக்கு நான்தான் பக்கெட் வாங்கித் தந்தேன். தெருவெல்லாம் புல் காய்ந்து ஆளுநரின் பெயரும் புல்லின் நிறமும் ஒன்றாயின. பாதாம் தோப்புகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது என்றபோது எங்களுக்கு எரிச்சல் வந்தது. மாநிலத்தில் மனிதர்கள் எடுக்கும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. விவசாயிகளுக்கு ஏற்கெனவே கால்வாய்த் தண்ணீர் வெட்டப்பட்டுவிட்டது என்றார் பிரவுன். பாதி நியாயம்.

மழை வந்தபோது அதுவும் சோதனையாகத்தான் வந்தது. 2017 பிப்ரவரியில் ஓரோவில் அணையின் மறுகால் உடைந்து 1,88,000 பேரை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். அந்த அணை, அப்பா பாட் பிரவுன் பெருமையாகத் தொடங்கிய நீர்த்திட்டத்தின் தலைக்கல். 1982-இல் ஜெர்ரியின் கால்வாய்த் திட்டத்தை மக்கள் வாக்களித்துக் கொன்றார்கள். இரண்டாம் வருகையில் அதையே பூமிக்கடியில் இரட்டைச் சுரங்கமாக்க முயன்றார், முடியவில்லை. அவர் ஆசைப்பட்ட அதிவேக ரயில் திட்டம் 2015-இல் ஃபிரெஸ்னோவில் அடிக்கல் கண்டது. செலவு மதிப்பீடு 2018-இல் 7,700 கோடி டாலர் வரை ஏறியது. சிக்கனக்காரருக்கும் ஒரு பலவீனம் இருந்தது.

பருவநிலை விஷயத்தில் அவர் பிடிவாதமாக இருந்தார். 2045-க்குள் மாநிலத்தின் மின்சாரம் முழுவதும் கரியுமிழ்வு இல்லாததாக வேண்டும் என்ற சட்டத்தில் 2018 செப்டம்பரில் கையெழுத்திட்டார். எண்ணெய்க் கிணறுகளை மூடவில்லையே என்று அந்த வாரமே சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கெதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. அதிலும் நியாயம் உண்டு. டிரம்ப் அரசு பூமியைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் கலிஃபோர்னியா சொந்தமாக ஒன்றை அனுப்பும் என்று 2016-இல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அவர் முழங்கியபோது கைதட்டல் அடங்கவில்லை. மூன்பீமுக்கு நாற்பது ஆண்டு கழித்துக் கிடைத்த கைதட்டல்.

2019-இல் இறங்கியபின் கொலூசா மாவட்டத்துக்கு, ஜெர்மனியிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தா குடியேறிய நிலத்துக்கு, மனைவி ஆன் கஸ்ட்டுடன் போய்விட்டார். சூரிய மின்சாரம், ஆலிவ் மரங்கள்.

கணக்கை முடிக்கும்போது எனக்கு ஒரு குறை. 2014-இல் நீல் காஷ்கரியை எதிர்த்து 60 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அப்போது அவர் ப்ரொபோசிஷன் 13-ஐத் தொட்டிருக்கலாம். குறைந்தது, கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அந்தச் சலுகை தேவையில்லை என்றாவது மக்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 1978-இல் சுட்டுக்கொண்ட விரல் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு வீடுகள். ஒன்றை வெகுகாலம் முன்பு வாங்கிய தம்பதி கட்டும் சொத்து வரி, சென்ற ஆண்டு எதிரே வாங்கிக் குடிவந்த இளம் தம்பதி கட்டுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் படிப்பது ஒரே பள்ளிக்கூடத்தில்.